தோர், லோகி, ரக்னரோக்: நார்ஸ் தொன்ம நாவல்களைப் பிள்ளைகளோடு வாசிக்கத் தொடங்குவது எப்படி?

நார்ஸ் தொன்மத்தை, அதாவது ஸ்காண்டிநேவிய மக்களின் பழைய தெய்வக் கதைகளை வைத்துச் சிறுவர்களுக்காக எழுதப்பட்ட ஃபேன்டசி நாவல்கள் ஆங்கிலத்தில் நிறைய வந்துவிட்டன. தோர், லோகி என்ற பெயர்களைப் படங்களில் கேட்ட ஆர்வத்தில் ஒரு நாவலைக் கையில் எடுக்கும் பிள்ளைகள் சிலர் ஐம்பது பக்கத்துக்குள் திணறிப் போகிறார்கள். டீர் யார், அவனுக்கு ஏன் ஒரு கை இல்லை, ஒரு ஓநாயின் பெயரைக் கேட்டதும் எல்லோரும் ஏன் நடுங்குகிறார்கள் என்று எதுவும் பிடிபடுவதில்லை. ஆசிரியர் ஒன்று இதெல்லாம் வாசகருக்குத் தெரியும் என்று நினைத்து எழுதியிருப்பார், இல்லையென்றால் போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்திருப்பார்.

இதற்கு வழி இருக்கிறது. பழைய கதைகளில் ஏழு கதைகளை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு நாவலுக்குப் போங்கள். பழைய கதையில் என்ன இருந்தது, புதிய ஆசிரியர் அதில் எதைத் திருப்பிப் போட்டார், ஏன் போட்டார் என்று பார்ப்பதில்தான் இந்த நாவல்களின் சுவையில் பாதி இருக்கிறது. ஒன்பது வயதிலிருந்து பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளையும், அவர்களோடு சேர்ந்து வாசிக்க விரும்பும் பெற்றோரையும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தனியாக வாசிக்க வரும் பெரியவர்களுக்கும் இதே வரிசை பொருந்தும்.

முதல் படி: படத்தில் பார்த்ததைத் தனியே எடுத்து வையுங்கள்

மார்வெல் நிறுவனம் 1962இல் தோரைத் தன் காமிக்ஸில் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்த தோர் அங்கிருந்து வந்தவன்தான். அதில் தவறு ஒன்றும் இல்லை, அதுவும் ஒரு மறுபுனைவுதான். ஆனால் அதையே மூலம் என்று எண்ணிக்கொண்டு நாவலுக்குப் போனால் குழப்பம் வரும்.

முக்கியமான வேறுபாடுகள் சில. படத்தில் லோகி தோருக்குத் தம்பி முறை. பழைய பாடல்களில் அவன் ஃபார்பௌட்டி என்ற ராட்சதனின் மகன். தோரின் தந்தையும் தெய்வங்களின் தலைவனுமான ஓடினோடு ரத்தத்தைக் கலந்து உடன்பிறப்பு உறவு பூண்டவன், அதாவது தோருக்கு அவன் சிற்றப்பா முறை. மரண உலகை ஆளும் ஹெல் படத்தில் ஓடினின் மகளாக வருகிறாள், மூலத்தில் அவள் லோகியின் மகள். சாகாக்கள் எனப்படும் பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதைகளில் தோருக்குச் செந்தாடி. அப்புறம் அந்தக் கொம்பு வைத்த தலைக்கவசம். வைக்கிங்குகள் அதை அணிந்து போருக்குப் போனதற்குச் சான்று இல்லை. 1943இல் நார்வேயின் யெர்முண்ட்பு என்ற இடத்தில் கிடைத்த வைக்கிங் கால இரும்புக் கவசத்தில் கொம்பு கிடையாது. 1876இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் வாக்னரின் இசைநாடகங்கள் மேடையேறியபோது உடை வடிவமைத்தவர் கொம்புகளைச் சேர்த்தார். அந்தத் தோற்றம் மக்கள் மனதில் ஒட்டிக்கொண்டது.

இதையெல்லாம் பிள்ளையிடம் திருத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை. "படத்தில் ஒரு மாதிரி, பழைய கதையில் வேறு மாதிரி, இனி வாசிக்கப்போகும் நாவலில் இன்னொரு மாதிரி இருக்கும்" என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலப் புத்தகங்களில் 'ஜே' என்ற எழுத்தோடு வரும் பெயர்களை 'ய' ஒலியோடு படியுங்கள்: யோட்டுன்ஹைம், யோர்முங்காண்டர், மியோல்னிர். மற்ற பெயர்களை வாய்க்கு வந்தபடி சொல்லலாம். உச்சரிப்புக்காக வாசிப்பை நிறுத்தினால் பிள்ளைக்கு ஆர்வம் போய்விடும்.

இரண்டாம் படி: கதைகள் எங்கிருந்து வந்தன என்று சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைப் பலர் தாண்டிப் போகிறார்கள். தாண்டக் கூடாது. நாவலாசிரியர்களுக்கு இவ்வளவு சுதந்திரம் எப்படிக் கிடைத்தது என்பது இங்கேதான் விளங்கும்.

நமக்குக் கிடைத்திருக்கும் நார்ஸ் கதைகளில் பெரும்பகுதி ஐஸ்லாந்தில் எழுதிவைக்கப்பட்டது. அந்த நாடு கி.பி. 1000 வாக்கில் கிறித்தவத்தை ஏற்றது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1220 வாக்கில், ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்பவர் உரைநடையில் ஒரு நூல் எழுதினார். அதுதான் உரைநடை எட்டா. ஸ்னோரி கிறித்தவர், அரசியல்வாதி, கவிஞர். அவர் காலத்துக் கவிஞர்கள் தங்கத்தை 'சிஃபின் கூந்தல்' என்றும் 'ஃப்ரேயாவின் கண்ணீர்' என்றும் பாடினார்கள். பழைய கதை தெரியாத இளைய கவிஞர்களுக்கு இந்த உவமைகள் விளங்காமல் போய்விடுமே என்ற கவலையில் கதைகளைத் தொகுத்து எழுதினார். 1241இல் அரசியல் பகையில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார்.

இன்னொரு மூலம் பாடல்களின் தொகுப்பு, அதாவது கவிதை எட்டா. அதன் முக்கியமான சுவடியான கோடெக்ஸ் ரெகியஸ் 1270களில் எழுதப்பட்டது. 1643இல் ஐஸ்லாந்து ஆயர் ஒருவர் கைக்கு வந்தது, 1662இல் டென்மார்க் அரசருக்குப் பரிசாகப் போனது. 1971இல்தான் கப்பலில் மீண்டும் ஐஸ்லாந்துக்கு வந்து சேர்ந்தது. சுவடியின் நடுவே சில தாள்கள் காணாமலே போய்விட்டன.

ஆக, நம் கையில் இருப்பது முழுமையான ஒரு புராணம் அல்ல. பாதி அழிந்தது, மீதி இன்னொரு மதத்தவரால் எழுதிவைக்கப்பட்டது. ஒன்பது உலகங்கள் உண்டு என்று பாடல் சொல்கிறது, ஆனால் ஒன்பதையும் வரிசையாக எந்தப் பழைய நூலும் பட்டியலிடவில்லை. அதனால்தான் நாவலுக்கு நாவல் இந்தப் பட்டியல் சற்று மாறும். எது சரி என்று தேடி அலைய வேண்டாம். தெய்வங்கள் வாழும் அஸ்கார்டு, மனிதர்களின் மிட்கார்டு, ராட்சதர்களின் யோட்டுன்ஹைம், இறந்தவர்கள் போகும் ஹெல், எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் இக்த்ரசில் என்ற மாபெரும் மரம் ஆகியவை தெரிந்தால் தொடங்கப் போதும். அந்த மரத்தில் ஓர் அணில் இருக்கிறது. அதன் பெயர் ராட்டடோஸ்க். உச்சியில் இருக்கும் கழுகு திட்டுவதை வேரைக் கடிக்கும் பாம்பிடமும், பாம்பு திட்டுவதைக் கழுகிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அதன் வேலை. பிள்ளைகளுக்கு இந்த அணிலை உடனே பிடித்துவிடும், அங்கிருந்தே கதை சொல்லத் தொடங்கலாம்.

மூன்றாம் படி: ஏழு கதைகள்

இந்த வரிசையில் சொல்லுங்கள். ஒரு நாளுக்கு ஒன்று போதும்.

முதலில், உட்கார்டுக்குத் தோர் போன கதை. தோரும் லோகியும் தியால்ஃபி, ரொஸ்க்வா என்ற அண்ணன் தங்கையோடு ராட்சத அரசன் ஒருவனின் கோட்டைக்குப் போகிறார்கள். அங்கே போட்டிகள். லோகி சாப்பாட்டுப் போட்டியில் தோற்கிறான், எதிராளி எலும்பையும் பாத்திரத்தையும் சேர்த்துத் தின்றுவிடுகிறான். தியால்ஃபி ஓட்டத்தில் தோற்கிறான். தோரால் ஒரு கொம்புப் பானத்தைக் குடித்து முடிக்க முடியவில்லை, ஒரு பூனையைத் தரையிலிருந்து முழுதாகத் தூக்க முடியவில்லை, ஒரு கிழவியை மல்லுக்கட்டில் வீழ்த்த முடியவில்லை. அவமானத்தோடு கிளம்பும்போது அரசன் உண்மையைச் சொல்கிறான். லோகியோடு போட்டியிட்டது காட்டுத்தீ. தியால்ஃபியோடு ஓடியது எண்ணம். கொம்பின் அடிப்பகுதி கடலில் இருந்தது, தோர் குடித்ததில் கடல்மட்டமே இறங்கிவிட்டது. பூனை என்பது உலகைச் சுற்றிக் கிடக்கும் யோர்முங்காண்டர் என்ற பாம்பு. கிழவி முதுமை. சத்தமாக வாசித்துக் காட்ட இதைவிட நல்ல கதை இந்தத் தொகுப்பில் இல்லை என்பது என் எண்ணம். உண்மை வெளிவரும் இடத்துக்கு முன்பு ஒரு நாள் நிறுத்திவைத்து, பிள்ளையையே ஊகிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, புதையல்கள் கிடைத்த கதை. லோகி விளையாட்டாகத் தோரின் மனைவி சிஃபின் கூந்தலை வெட்டிவிடுகிறான். ஈடு செய்வதற்காகக் குள்ளர்களிடம் போய், பொற்கூந்தல், ஓடினின் ஈட்டி, மடித்து வைக்கக்கூடிய கப்பல் ஆகியவற்றை வாங்கி வருகிறான். வழியில் வேறு குள்ளர்களோடு தன் தலையைப் பந்தயம் வைக்கிறான். அவர்கள் தோரின் சுத்தியலான மியோல்னிரைச் செய்துகொண்டிருக்கும்போது ஈயாக மாறிக் கண்ணிமையில் கடிக்கிறான், அதனால்தான் அதன் கைப்பிடி குட்டையாகிவிட்டது. பந்தயத்தில் தோற்றபின், "தலை உங்களுடையது, கழுத்து என்னுடையது" என்று வாதாடித் தப்புகிறான். கோபத்தில் குள்ளன் அவன் வாயைத் தைத்துவிடுகிறான். லோகியின் குணம் முழுவதும் இந்த ஒரே கதையில் இருக்கிறது: சிக்கலை உண்டாக்குபவனும் அவனே, அதிலிருந்து தெய்வங்களுக்கு நன்மை கொண்டுவருபவனும் அவனே.

மூன்றாவது இடுன் என்ற தேவியின் ஆப்பிள்கள் பறிபோன கதை. அந்தப் பழங்கள்தாம் தெய்வங்களை முதுமை அண்டாமல் காக்கின்றன, அவை போனதும் எல்லோரும் கிழடாகிறார்கள். நான்காவது, திரிம் என்ற ராட்சதன் சுத்தியலைத் திருடிக்கொண்டு ஃப்ரேயா என்ற தேவியை மணமகளாகக் கேட்ட கதை. தோரே முக்காடு போட்டு மணப்பெண்ணாகப் போகிறான். விருந்தில் ஒரு முழு எருதையும் எட்டு சால்மன் மீன்களையும் தின்றுவிடுகிறான். திகைத்த மாப்பிள்ளையிடம், "கல்யாண ஆசையில் பெண் எட்டு இரவுகளாகச் சாப்பிடவே இல்லை" என்று தோழி வேடத்தில் இருக்கும் லோகி சமாளிக்கிறான். இவை இரண்டையும் விரைவாகச் சொல்லலாம்.

ஐந்தாவது கதையில் நிதானமாக நில்லுங்கள். லோகிக்கு ஒரு ராட்சதப் பெண்ணிடம் பிறந்த மூன்று பிள்ளைகளில் ஒருவன் ஃபென்ரிர் என்ற ஓநாய். அஸ்கார்டிலேயே வளர்கிறான். அருகில் போய் உணவு கொடுக்கும் தைரியம் டீர் ஒருவனுக்குத்தான் உண்டு. ஓநாய் பெரிதாகப் பெரிதாகத் தெய்வங்களுக்குப் பயம் வருகிறது. இரண்டு சங்கிலிகளால் கட்டிப்பார்க்கிறார்கள், இரண்டையும் அறுத்துவிடுகிறான். பிறகு குள்ளர்கள் பட்டு நாடா மாதிரி மெல்லிய ஒரு கட்டைச் செய்து தருகிறார்கள். பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் என்று ஆறு பொருள்களால் ஆனது அது. ஓநாய்க்குச் சந்தேகம் வருகிறது. "ஏமாற்றவில்லை என்றால் உங்களில் ஒருவர் என் வாயில் கையை வையுங்கள்" என்கிறான். டீர் வைக்கிறான். கட்டு இறுகுகிறது, ஓநாயால் அறுக்க முடியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், டீர் மட்டும் சிரிக்கவில்லை, அவன் கை போய்விட்டது என்று ஸ்னோரி எழுதுகிறார்.

ஓநாய் அதுவரை ஒரு குற்றமும் செய்யவில்லை. எதிர்காலத்தில் செய்யப்போகிறான் என்ற பயத்தில்தான் கட்டினார்கள். வளர்த்தவனே ஏமாற்றியதால்தான் அவன் பகைவன் ஆனானா? இந்தக் கேள்விக்கு மூலத்தில் விடை இல்லை. பிற்கால நாவலாசிரியர்கள் திரும்பத் திரும்ப இந்த இடத்துக்கு வருவதற்கு அதுதான் காரணம். பிள்ளையிடமும் கேளுங்கள், விடையை நீங்கள் சொல்லாதீர்கள்.

ஆறாவது பால்டரின் மரணம். எல்லோருக்கும் பிரியமான பால்டருக்குத் தீங்கு வரக்கூடாது என்று தாய் ஃப்ரிக் உலகிலுள்ள எல்லாப் பொருள்களிடமும் சத்தியம் வாங்குகிறாள். புல்லுருவியை மட்டும் சின்னஞ்சிறியது என்று விட்டுவிடுகிறாள். லோகி அதைக் கண்பார்வையற்ற ஹோடின் கையில் கொடுத்து எறியவைக்கிறான். இறந்தவனைத் திருப்பித் தர, உலகிலுள்ள அனைத்தும் அவனுக்காக அழ வேண்டும் என்கிறாள் ஹெல். எல்லாம் அழுகின்றன, ஒரு ராட்சதக் கிழவி மட்டும் அழ மறுக்கிறாள். அவள் லோகிதான் என்று பேசிக்கொண்டார்கள்.

ஏழாவது ரக்னரோக், அதாவது தெய்வங்களும் உலகமும் அழியும் இறுதிப் போர். இடையில் கோடையே இல்லாமல் மூன்று குளிர்காலங்கள் தொடர்ந்து வருகின்றன. கட்டுகள் அறுகின்றன. இறந்தவர்களின் நகங்களால் ஆன கப்பல் மிதக்கிறது. ஓடினை ஓநாய் விழுங்குகிறது. தோர் பாம்பைக் கொன்றுவிட்டு ஒன்பது அடி நடந்து, அதன் நஞ்சில் விழுந்து சாகிறான். பின்பு கடலிலிருந்து பசுமையான நிலம் மீண்டும் எழுகிறது. பால்டர் திரும்பி வருகிறான். ஒளிந்திருந்த ஆணும் பெண்ணுமாக இரு மனிதர்கள் வெளியே வருகிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்த முடிவு ஓடினுக்கு முன்பே தெரியும் என்பது. தெரிந்துகொள்ளவே ஒரு கண்ணைக் கொடுத்தவன் அவன். தோற்பது உறுதி என்று தெரிந்தும், போரில் விழுந்த வீரர்களை வால்ஹல்லா என்ற தன் மாளிகையில் சேர்த்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருக்கிறான். சிறுவர் நாவல்களுக்கு இந்தத் தொன்மம் இவ்வளவு ஒத்துப்போவதற்கு இதைத்தான் முதல் காரணமாக நான் சொல்வேன். சாகப்போகிற தெய்வங்களுக்கு உதவி தேவைப்படுகிறது. ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை அவர்கள் நடுவே போய்ச் செய்ய உண்மையாகவே வேலை இருக்கிறது.

நான்காம் படி: கதைகளைச் சொல்ல ஒரு நூல்

மேலே சொன்ன கதைகளை நீங்களே சொல்லலாம். நூல் வேண்டுமென்றால் நான்கைச் சொல்கிறேன். பாட்ரிக் கோலம் 1920இல் எழுதிய 'தி சில்ட்ரன் ஆஃப் ஓடின்' கூட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நடை சற்றுப் பழையது, ஆனால் வாய்விட்டுப் படிக்க நன்றாக இருக்கும். இங்ரி, எட்கர் டி'ஒலேர் தம்பதி 1967இல் வெளியிட்ட பெரிய படநூல் ஒன்பது, பத்து வயதுக்குச் சிறந்தது. இங்ரி நார்வேயில் பிறந்தவர், அந்த நிலத்தின் பாறையும் பனியும் படங்களில் தெரியும். ரோஜர் லான்சலின் கிரீன் 1960இல் எல்லாக் கதைகளையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே ஓட்டமாக எழுதினார். பதின்பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் கெவின் கிராஸ்லி-ஹாலந்தின் 1980ஆம் ஆண்டு நூலைத்தான் கொடுப்பேன். ஒவ்வொரு கதைக்கும் குறிப்புகள் அதில் உண்டு. ஒன்று போதும், நான்கையும் வாங்க வேண்டாம்.

ஐந்தாம் படி: முதல் நாவலைத் தேர்ந்தெடுப்பது

வயதைவிடப் பிள்ளையின் சுபாவத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

வேகம், சண்டை, சிரிப்பு வேண்டும் என்கிற பிள்ளைக்கு ரிக் ரியோர்டனின் மேக்னஸ் சேஸ் வரிசை. 2015, 2016, 2017 என மூன்று ஆண்டுகளில் மூன்று நூல்கள். பாஸ்டன் நகரத் தெருவில் வீடில்லாமல் வாழும் பதினாறு வயதுப் பையன் தொடக்கத்திலேயே இறந்துபோகிறான், கண் விழிக்கும்போது வால்ஹல்லா ஒரு பெரிய விடுதியாக இருக்கிறது. முதல் நூலின் மையத்தில் ஓநாயின் கட்டு இருக்கிறது. பழைய கட்டு பலவீனமாகிவிட்டதால் குள்ளர்கள் புதியது செய்திருக்கிறார்கள். பூனையின் காலடி ஓசைக்குப் பதிலாக, தடங்கலே இல்லாத வைஃபை, அரசியல்வாதியின் நேர்மை என்று இந்தக் காலத்தில் கிடைக்காத பொருள்களைச் சேர்த்துச் செய்தது. ஃபென்ரிர் கதை தெரிந்த பிள்ளை இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரிக்கும், தெரியாத பிள்ளைக்கு அது வெறும் நகைச்சுவைப் பட்டியல். இரண்டாம் நூல், திரிமின் கல்யாணக் கதையை அப்படியே எடுத்து இன்றைய நாட்களில் நடத்திக் காட்டுகிறது.

இந்த வரிசையில் எனக்குப் பெரிதாகப் படுவது பாத்திரங்கள். இறந்த வீரர்களை வால்ஹல்லாவுக்கு அழைத்துச் செல்லும் வால்கிரியாக வரும் சமீரா, ஹிஜாப் அணியும் முஸ்லிம் பெண், லோகியின் மகள். ரூன் என்ற பழைய எழுத்துகளின் மந்திரம் கற்கும் எல்ஃப் காது கேளாதவன், சைகை மொழியில் பேசுகிறான். இரண்டாம் நூலில் வரும் அலெக்ஸ் சில நாள் ஆணாகவும் சில நாள் பெண்ணாகவும் தன்னை உணரும் பிள்ளை. அந்த நூலுக்கு 2017இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் ஸ்டோன்வால் விருது கிடைத்தது. உருவமும் பாலும் மாறக்கூடிய லோகியின் குணம் மூலத்திலேயே இருப்பது. ரியோர்டன் அதைச் சூழ்ச்சிக்கான கருவியாக மட்டும் பார்க்காமல், ஒரு பிள்ளையின் இயல்பாக எழுதினார். நல்ல மறுபுனைவு எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

எட்டு, ஒன்பது வயதில் நாட்குறிப்பு வடிவப் புத்தகங்களை விரும்பும் பிள்ளைக்கு லூயி ஸ்டோவெலின் லோகி வரிசையைக் கொடுங்கள். முதல் நூல் 2022இல் வந்தது. தண்டனையாகப் பதினோரு வயது மனிதப் பையனாகப் பூமிக்கு அனுப்பப்பட்ட லோகி, தன் நாட்குறிப்பைத் தானே எழுதுகிறான். நிறையப் படங்கள் உண்டு.

புதிர் பிடிக்கும் பிள்ளைக்கு டயானா வின் ஜோன்ஸ் 1975இல் எழுதிய 'எய்ட் டேஸ் ஆஃப் லூக்' பொருந்தும். அன்பில்லாத உறவினர் வீட்டில் விடுமுறையைக் கழிக்கும் டேவிட் முன்னால் லூக் என்ற பையன் வந்து நிற்கிறான், அவனைத் தேடி ஒவ்வொரு நாளும் ஒருவர் வருகிறார். வருகிறவர்கள் யார் என்று ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்வதில்லை. செவ்வாயின் ஆங்கிலப் பெயரில் டீரும், புதனில் ஓடினும், வியாழனில் தோரும், வெள்ளியில் ஃப்ரிக்கும் இருக்கிறார்கள் என்பதை மட்டும் முன்பே சொல்லிவிட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள்.

வரலாறு பிடித்தால் நான்சி ஃபார்மரின் 'தி சீ ஆஃப் டிரோல்ஸ்'. 2004இல் வந்தது, கதை நடப்பது கி.பி. 793இல். வடஇங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை வைக்கிங்குகள் சூறையாடிய ஆண்டு அது. அவர்களால் தங்கையோடு பிடித்துச் செல்லப்படும் ஒரு சாக்ஸன் பையன், ஞானம் தரும் மிமிரின் கிணற்றைத் தேடி யோட்டுன்ஹைம் போகிறான். கொள்ளையடித்தவர்களையும் மனிதர்களாகக் காட்டுவது இந்த நாவலின் பலம். அதே சமயம் அவர்கள் செய்த கொடுமையை ஆசிரியர் மூடிமறைப்பதில்லை.

ஃப்ரான்செஸ்கா சைமனின் 'தி ஸ்லீப்பிங் ஆர்மி' 2011இல் வந்தது. கிறித்தவம் பரவாமல் பழைய தெய்வங்களையே இன்றும் வணங்கும் ஒரு பிரிட்டனில் நடக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு சிறுமி கொம்பை எடுத்து ஊத, லூயிஸ் சதுரங்கக் காய்கள் உயிர் பெறுகின்றன. அந்தக் காய்கள் உண்மையானவை. 1831இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கிடைத்தவை, பெரும்பாலும் வால்ரஸ் என்ற கடல் விலங்கின் தந்தத்தில் செதுக்கியவை. கேடயத்தின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்கும் வீரர்கள் அதில் உண்டு. அவற்றின் படத்தை முதலில் காட்டிவிடுங்கள். இடுன் கதையும் தெரிந்திருக்க வேண்டும், சிறுமியின் பயணமே இடுனை மீட்பதற்குத்தான்.

ஜோன் ஹாரிஸின் 'ரூன்மார்க்ஸ்' 2007இல் வந்தது. ரக்னரோக் முடிந்து 500 ஆண்டுகளுக்குப் பிறகு, மந்திரமும் கதையும் தடைசெய்யப்பட்ட உலகில், கையில் ஒரு ரூன் அடையாளத்தோடு பிறந்த பெண்ணைப் பற்றியது. நல்ல நாவல்தான். ஆனாலும் முதலாவதாக இதை எடுக்க வேண்டாம். நீளமானது, தெய்வங்கள் எல்லோரும் வேறு பெயரிலும் வேறு கோலத்திலும் வருவார்கள். இரண்டு மூன்று நாவல்கள் முடித்த பதின்மூன்று வயதுக்கு ஏற்றது.

ஆறாம் படி: வாசிக்கும்போது லோகியைப் பின்தொடருங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். நாவலை முடித்ததும் மூன்று கேள்விகளுக்கு ஓரிரு வரியில் பதில் எழுதச் சொல்லுங்கள். பழைய கதையில் எதை அப்படியே வைத்திருக்கிறார்? எதை மாற்றினார்? லோகி இதில் யார்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். மூலத்திலேயே லோகி நிலையான ஆள் இல்லை. தொடக்கக் கதைகளில் குறும்பன், பால்டர் கதையில் கொலைக்குக் காரணன், ரக்னரோக்கில் எதிரிப்படையோடு வருகிறவன். ஒவ்வொரு நாவலாசிரியரும் இந்த மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஜோன்ஸின் லூக் நட்புக்கு ஏங்கும் பையன். ரியோர்டனின் லோகி இனிக்க இனிக்கப் பேசிப் பிள்ளைகளைக் கட்டுப்படுத்தும் தகப்பன். ஸ்டோவெல் கேட்பது, கெட்டவன் என்று பெயர் எடுத்தவனால் மாற முடியுமா என்று. மூன்று நாவல்களைப் படித்த பிள்ளை இந்த வேறுபாட்டைத் தானாகவே பேசத் தொடங்கும்.

ஏழாம் படி: முன்கூட்டியே தெரிந்துவைக்க வேண்டியவை

இந்தக் கதைகளில் சாவு நிறைய. பால்டரின் மரணம் சில பிள்ளைகளைக் கலங்கவைக்கும். வீட்டில் அண்மையில் துக்கம் நடந்திருந்தால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எட்டாக்களை நேரடியாகப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், வசையும் காமமும் உள்ள பகுதிகள் உண்டு. சிறார் பதிப்புகள் அவற்றை விட்டுவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆர்வம் வந்ததும் பிள்ளைகள் ரூன் எழுத்துகளை இணையத்தில் தேடுவார்கள். நாஜிகள் இந்தச் சின்னங்களைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள், எஸ்.எஸ். படையின் முத்திரையே இரண்டு ரூன்கள்தாம். இன்றும் வெள்ளை இனவெறிக் குழுக்கள் தோரின் சுத்தியலையும் ரூன்களையும் பயன்படுத்துகின்றன. அந்தத் தேடலில் அவர்களுடைய பக்கங்களும் வந்து விழும். முதல் முறை உடன் உட்கார்ந்து தேடுங்கள், காரணத்தையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுக்கு இது விளங்கும். ஒரு வெறுப்புக் கூட்டம் எடுத்துக்கொண்டது என்பதற்காக இந்தக் கதைகளை அவர்களிடமே விட்டுவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: பிள்ளையே ஒன்று எழுதட்டும்

மூலத்தில் இடைவெளிகள் இருப்பதாகச் சொன்னேன் அல்லவா, அவற்றில் ஒன்றைக் கொடுங்கள். உட்கார்டு பயணத்தில் அண்ணன் தியால்ஃபி ஓட்டப் போட்டியில் ஓடுகிறான். தங்கை ரொஸ்க்வா கூடவே போகிறாள், ஆனால் அந்தக் கோட்டையில் அவள் என்ன செய்தாள் என்று ஸ்னோரி ஒரு வரிகூட எழுதவில்லை. அவளுக்கு என்ன போட்டி வைத்திருப்பார்கள்? அல்லது லோகியின் மனைவி சிகின். தண்டனையாகக் கட்டப்பட்டுக் கிடக்கும் கணவன் முகத்தில் பாம்பின் நஞ்சு சொட்டாமல் கிண்ணம் ஏந்தி நிற்கிறாள், நிறைந்ததும் கொட்டப் போகிறாள், அந்த நேரத்தில் விழும் சொட்டில் அவன் துடிப்பதுதான் நிலநடுக்கம். அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எந்தப் பாடலும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை என்றால் அணிலின் ஒரு நாள் போதும்.

ஒரே ஒரு விதி வையுங்கள். நடந்ததை மாற்றக் கூடாது, நடந்ததற்குக் காரணத்தை மட்டும் புதிதாகக் கண்டுபிடிக்கலாம். எதையும் எப்படியும் மாற்றலாம் என்று விட்டால் பிள்ளைகள் உடனே ரக்னரோக்கைத் தடுத்து நிறுத்திவிடுகிறார்கள், கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

கடைசியாக: மூலத்துக்குப் போவது

பதினான்கு வயதுக்கு மேல், ஆர்வம் நீடித்தால், எட்டாக்களின் மொழிபெயர்ப்புகளைத் தொடலாம். உரைநடை எட்டாவிலிருந்து தொடங்குங்கள். அதன் முதல் பகுதியில் கில்ஃபி என்ற அரசன் மாறுவேடத்தில் வந்து, உயர ஆசனங்களில் இருக்கும் மூவரிடம் கேள்வி கேட்பான், அவர்கள் பதில் சொல்வார்கள். மேலே சொன்ன ஏழு கதைகளில் நான்கு அதில் இருக்கின்றன: உட்கார்டு, ஓநாய், பால்டர், ரக்னரோக். கேள்விகளை ஒருவரும் பதில்களை இன்னொருவருமாகப் படிக்கலாம். பிறகு கவிதை எட்டாவில் திரிமின் பாடல், அது ஒரே அமர்வில் முடிந்துவிடும். அப்புறம் வோலுஸ்பா: உலகத்தின் தொடக்கத்திலிருந்து அழிவும் மறுபிறப்பும் வரை ஒரு குறிசொல்லும் பெண் ஓடினுக்குச் சொல்வது. அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பாடல்கள். அதன் நடுவே வெறும் குள்ளர் பெயர்களாக ஒரு நீண்ட பட்டியல் வரும், தாண்டிவிடாதீர்கள். தோரின், ட்வாலின், கண்டால்ஃப் என்ற பெயர்கள் அங்கே இருக்கும். 1937இல் 'தி ஹாபிட்' எழுதிய டோல்கீன் தன் குள்ளர்களுக்கும் மந்திரவாதிக்கும் பெயர் எடுத்தது அந்தப் பட்டியலிலிருந்துதான்.

ஹாவமாலைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அது ஓடின் சொல்வதாக அமைந்த அறிவுரைப் பாடல்கள், பெரும்பகுதி பெரியவர்களுக்கானது. முடிவுக்கு அருகே ஓடின் தன்னைத்தானே ஈட்டியால் குத்திக்கொண்டு ஒன்பது இரவுகள் மரத்தில் தொங்கி ரூன்களைப் பெற்ற பகுதி வருகிறது. அதை மட்டும் தனியே எடுத்து, இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.